விமானத்தின் அடியில் ஏன் ஒரு படி?

இன்றைக்குப் பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் கடையநல்லூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த தம்பி கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். 2024 நவம்பரில் கொச்சி போல்காட்டியிலிருந்து கிளம்பி, மூணாறு பக்கம் மாட்டுப்பெட்டி அணையில் இறங்கியதே, அந்தக் கடல் விமானம். சீ-பிளேன் என்கிறார்கள். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அது இறங்குவதைப் பார்க்க யாருக்கும் ஆசையாகத்தான் இருக்கும்.

"சார், இதே மாதிரி நம்ம கருப்பாநதி அணையிலயும் எறக்கிட்டா, மெட்ராஸ்காரன் காலையில வந்து குத்தாலத்துல குளிச்சிட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போயிருவாம்லா?" என்றார் தம்பி. கடை முழுக்கச் சிரிப்பு.

நானும் சிரித்தேன். ஆனால் என் கண் வேறு இடத்தில் இருந்தது. விமானம் தண்ணீரை விட்டு எழும்பும்போது, அதன் மிதவையின் அடிப்பாகம் ஒரு நொடி தெரிந்தது. வழவழவென்று ஒரே சீராக இல்லை. நடுவில் ஒரு படி. வீட்டு வாசற்படி மாதிரி ஒரு வெட்டு. அதைப் பார்த்ததும் முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய ஒரு பிற்பகல் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் இந்தப் பதிவை எழுத முடியாது.

எங்கள் ஊருக்கும் சிங்கப்பூருக்கும் உள்ள தொடர்பு உங்களில் பலருக்குத் தெரியும். மூன்று நான்கு தலைமுறையாகக் கப்பலேறிப் போனவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. அப்படிப் போய் வந்த ஒருவரின் பேரன் எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தான். ஒருநாள் தாத்தாவின் பெட்டியிலிருந்து ஒரு பழைய படத்தை எடுத்து வந்தான். சிங்கப்பூர் கல்லாங் விமான நிலையம். 1937இல் திறந்த அந்த நிலையத்தில் தரையில் இறங்கும் விமானத்துக்கும் இடம் உண்டு, தண்ணீரில் இறங்கும் விமானத்துக்கும் இடம் உண்டு. படத்தில் ஒரு பெரிய பறக்கும் படகு கரையேற்றப்பட்டு நின்றது.

"சார், கப்பலுக்கு அடியெல்லாம் வழவழன்னுதான இருக்கு? இதுக்கு மட்டும் ஏன் சார் நடுவுல படி வெட்டியிருக்கு? தண்ணியில இடிக்காதா?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ஏலே, படம் சரியா விழுந்திருக்காது. மிதத்தல் விதியை எழுதுனியா? உக்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் படத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அந்த வருடம் முழுக்க என்னிடம் வேறு கேள்வி எதுவும் அவன் கேட்கவில்லை.

நான் பொறியாளர் இல்லை. டீச்சர் டிரெயினிங் முடித்த இடைநிலை ஆசிரியர், அவ்வளவுதான். ஓய்வு பெற்ற பிறகு, மகன் வாங்கிக் கொடுத்த டேப்லட்டில் நான் தேடிப் படித்த விஷயங்களில் இந்தப் படியும் ஒன்று. படித்து முடித்தபோது வெட்கமாக இருந்தது. அந்தப் பையன் கேட்டது, விமானம் கட்டியவர்களே ஒரு காலத்தில் தலையைப் பிய்த்துக்கொண்ட கேள்வி.

முதலில் அந்தப் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பிறகு என் கருத்து.

வீட்டு ஜன்னலுக்கு மேலே உள்ள சன்ஷேடை அண்ணாந்து பாருங்கள். நல்ல கொத்தனார் கட்டியதாக இருந்தால், அடிப்பக்கம் விளிம்பை ஒட்டி ஒரு சின்னக் கோடு இழுத்திருப்பார். அந்தக் கோடு இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் விளிம்பில் சொட்டாது. சிமெண்டின் அடியிலேயே ஒட்டிக்கொண்டு பின்னால் ஓடிச் சுவரை நனைக்கும். கோடு இருந்தால் தண்ணீருக்குப் பிடிமானம் அறுந்து அங்கேயே சொட்டிவிடும். விளிம்பு உருண்டையான டம்ளரிலிருந்து மெதுவாகப் பாலை ஊற்றிப் பார்த்தாலும் இதே கதைதான். பால் கீழே விழாமல் டம்ளரின் வயிற்றோடு வழியும்.

இன்னொன்று. குழாயைத் திறந்துவிட்டு, ஒரு கரண்டியின் காம்பை இரண்டு விரலால் லேசாகப் பிடித்து, அதன் முதுகை ஓடும் தண்ணீரில் படும்படி தொங்கவிடுங்கள். தண்ணீர் கரண்டியைத் தள்ளிவிடும் என்றுதான் நினைப்போம். தள்ளாது, உள்ளே இழுக்கும். வளைந்த பரப்பில் வேகமாக ஓடும் தண்ணீர் அந்தப் பரப்பைத் தன் பக்கம் உறிஞ்சும்.

இப்போது விமானத்துக்கு வாருங்கள். படகு மாதிரி வளைந்த அடிப்பாகத்தோடு அது தண்ணீரில் வேகமெடுக்கிறது. வேகம் கூடக்கூட அடியில் ஓடும் தண்ணீர் அதைக் கீழே இழுக்கிறது. இறக்கை மேலே தூக்குகிறது, தண்ணீர் விடமாட்டேன் என்கிறது. அந்தப் பிடியை அறுப்பதற்குத்தான் படி. படியின் கூர்மையான விளிம்பில் தண்ணீர் பிரிகிறது. பின்னால் உண்டாகும் இடைவெளியில் காற்று புகுந்துகொள்கிறது. அதற்குப் பிறகு பின்பாதி தண்ணீரைத் தொடுவதே இல்லை. கொத்தனார் இழுக்கும் கோட்டின் வேலையைத்தான் விமானத்துக்கு அந்தப் படி செய்கிறது.

இதைக் கண்டுபிடிக்கச் சும்மா ஆகிவிடவில்லை. 1910 மார்ச் 28 அன்று பிரான்சில் ஹென்றி ஃபாப்ர் என்பவர் மிதவை கட்டிய விமானத்தில் தண்ணீரிலிருந்து முதன்முதலாக எழும்பினார். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் கிளென் கர்ட்டிஸ் எழும்பினார். ஆனால் 1912இல் கர்ட்டிஸ் மிதவையை விட்டுவிட்டு, படகையே விமானத்தின் உடலாக வைத்துக் கட்டியபோது அது எழும்ப மறுத்தது. எஞ்சின் முழு வேகத்தில் உறுமியும் தண்ணீர் விடவில்லை. அவர் இன்னொரு படகில் கூடவே ஓடி, தண்ணீர் எப்படி அடியில் ஒட்டிக்கொள்கிறது என்று கவனித்தார். அடியில் ஆப்பு மாதிரிக் கட்டைகளை அடித்துப் படி உண்டாக்கினார். எழும்பியது. அதற்குப் பிறகு முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஃபீலிக்ஸ்டோவில் ஜான் போர்ட் என்ற கடற்படை அதிகாரி, மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தே இந்த அடிப்பாகத்தை ஒரு கலையாக்கினார்.

படி இருந்தால் மட்டும் போதுமா? போதாது. ஒரு கடல் விமானம் தண்ணீரில் நாலு கட்டம் தாண்ட வேண்டும்.

முதல் கட்டம் மிதத்தல். இது ஆர்க்கிமிடிஸ் கணக்கு. நாம் எட்டாம் வகுப்பில் நடத்துவது.

இரண்டாவது கட்டத்தை நான் உழுதல் என்பேன். வேகமெடுத்ததும் முன்னால் ஓர் அலை எழும்பும், மூக்கு தூக்கும், பின்பக்கம் அமுங்கும். தானே எழுப்பிய அலைமேட்டில் தானே ஏற வேண்டும். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தி. பறக்கும் வேகத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்போதுதான் இந்தத் தடை உச்சத்துக்குப் போகும். விமானத்தின் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூடத் தடை வரும். எஞ்சினுக்கு அதைத் தாண்டும் தெம்பு இல்லாவிட்டால், எவ்வளவு தூரம் ஓடினாலும் அது விமானம் ஆகாது, படகாகவே இருந்துவிடும்.

மூன்றாவது, படிமேல் ஓடுதல். குளத்தில் ஓட்டாஞ்சில்லை வீசித் தண்ணீர்மேல் தத்தித் தத்திப் போகவிடுவோமே, அதேதான். ஓட்டாஞ்சில்லு மிதக்காது. ஆனாலும் வேகம் இருக்கும்வரை தண்ணீர் அதைத் தாங்கும். மேட்டைத் தாண்டிய விமானம் இப்படித்தான் படியின் முன்பாதியில் மட்டும் நின்று சறுக்கும். தடை சட்டென்று குறையும்.

நான்காவது, எழும்புதல். இறக்கைக்குப் பிடிப்பு வர மூக்கைக் கொஞ்சம் தூக்க வேண்டும். அடி முழுக்க ஒரே பலகையாக இருந்தால், மூக்கைத் தூக்கும்போது வால் தண்ணீரில் குத்தும். படிக்குப் பின்னால் அடிப்பாகம் மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால்தான் திரும்ப இடம் கிடைக்கிறது. அந்தப் படியும் எங்கே வேண்டுமானாலும் இருந்துவிட முடியாது. விமானத்தின் ஈர்ப்பு மையத்துக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். ரொம்பப் பின்னால் போனால் விமானி மூக்கைத் தூக்க முடியாது. முன்னால் வந்தால் ஆட்டம் ஆரம்பித்துவிடும்.

அது என்ன ஆட்டம்? டால்பின் என்கிறோமே, கடற்கரைக்காரர்கள் சொல்லும் ஓங்கில், அது துள்ளித் துள்ளிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். கடல் விமானமும் ஓடும்போது மூக்கும் வாலும் மாறி மாறி எழும்பித் துள்ளத் தொடங்கும். ஒவ்வொரு துள்ளலும் முந்தையதைவிடப் பெரிதாகும். விமானி சமாளிக்காவிட்டால் மூக்கு குத்தி உடைந்துபோகும். மூக்கு அதிகம் தாழ்ந்தாலும் துள்ளும், அதிகம் உயர்ந்தாலும் துள்ளும். நடுவில் உள்ள கோணங்கள்தான் பத்திரம். அந்த இடைவெளி அகலமாக இருக்கும்படி அடிப்பாகத்தைச் செதுக்குவதில்தான் வடிவமைப்பாளரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

குறுக்கே வெட்டிப் பார்த்தால் அடிப்பாகம் வி வடிவத்தில் இருக்கும். நடுவில் ஓடும் முதுகெலும்பைப் படகு கட்டுபவர்கள் ஏரா என்பார்கள். தட்டையாக இருந்தால் தண்ணீர் நன்றாகத் தூக்கும். ஆனால் இறங்கும்போது அடி பலமாக விழும். கிணற்றில் வயிறு அடிபடக் குதித்தவர்களுக்கு இது தெரியும். கையைக் கூப்பித் தலைகீழாகப் பாய்ந்தால் வலிக்காது. வி கூர்மையாக இருந்தால் அதிர்ச்சி குறையும், ஆனால் தூக்கும் சக்தியும் குறையும். அதனால் முன்பக்கம் கூர்மையாக ஆரம்பித்து, படி வரும் இடத்தில் 20, 25 பாகை அளவுக்குப் படியவிடுகிறார்கள்.

பிறகு தெறிக்கும் தண்ணீர். மழைக்காலத்தில் லாரி பக்கத்தில் போனால் என்ன ஆகும்? அதைவிடப் பல மடங்கு. அந்தத் தண்ணீர் சுழலும் புரொப்பல்லரில் பட்டால் அதன் ஓரம் அரித்துப்போகும். கண்ணாடியில் அடித்தால் விமானிக்கு வழி தெரியாது. அதற்குத்தான் அடிப்பாகத்தின் இரு ஓரங்களிலும் கூரான விளிம்பும், நீளமான பட்டைகளும் வைத்துத் தண்ணீரைப் பக்கவாட்டில் தள்ளுகிறார்கள். இதில் பெரிய பெயர் ஜப்பானியர் கிகுஹாரா ஷிசுவோவுக்கு. போர்க்காலத்தில் கவானிஷி நிறுவனத்தில் அவர் வடிவமைத்த பறக்கும் படகில் தெறிப்பைத் தடுக்கப் பட்டை வைத்தார். அந்த வழியில் வந்ததுதான் இன்றைய யு.எஸ்.-2. மூன்று மீட்டர் அலையிலும் இறங்கி ஆளைக் காப்பாற்றும் விமானம் அது. நம் கடற்படைக்கு வாங்கலாமா என்று இந்தியாவும் ஜப்பானும் வருடக்கணக்கில் பேசின. வாங்கவில்லை.

இவ்வளவும் செய்தால் விமானம் தண்ணீரில் நன்றாக ஓடும். வானத்தில்? அதே படியும் விளிம்பும் காற்றில் தடையாக நிற்கும். தண்ணீருக்கு வேண்டியது காற்றுக்கு ஆகாது. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று சொல்வோமே, கடல் விமானத்தின் பிழைப்பு முழுக்க அதுதான். இரண்டு பக்கமும் அதிகம் நோகாமல் ஒரு நடுவழி கண்டுபிடிப்பதைத்தான் அடிப்பாக வடிவமைப்பு என்கிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு செய்தி. கண்ணாடி மாதிரி அசையாமல் கிடக்கும் தண்ணீரில் எழும்புவது கஷ்டம். சின்னச் சின்ன அலை இருந்தால்தான் அடியில் காற்று புகுந்து பிடி விடும். அதனால் அந்தக் காலத்தில் விமானம் கிளம்புமுன் ஒரு மோட்டார் படகை முன்னால் ஓட்டித் தண்ணீரைக் கலக்கிவிடுவார்களாம். வகுப்பறையும் அப்படித்தான் என்று இப்போது தோன்றுகிறது. சத்தமே இல்லாத வகுப்புதான் நல்ல வகுப்பு என்று நான் ரொம்ப நாள் நம்பியிருந்தேன்.

சரி, இதெல்லாம் யாரோ வெள்ளைக்காரன், ஜப்பான்காரன் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். நம் தண்ணீர் இந்த விமானங்களைப் பார்க்காததல்ல. இரண்டாம் உலகப் போரில் சென்னைக்குப் பக்கத்துச் செங்குன்றம் ஏரியில், அதாவது நாம் புழல் ஏரி என்று சொல்லும் குடிநீர் ஏரியில், ஆங்கிலேய விமானப்படையின் கேட்டலினா பறக்கும் படகுகள் நின்றன. வங்காள விரிகுடாவில் ரோந்து போய் வந்தன. இலங்கையில் காலி பக்கம் கொக்கலை ஏரியிலும் அதே வகை நின்றது. 1942 ஏப்ரல் 4 அன்று அங்கிருந்து போன ஒரு கேட்டலினாதான், இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு கம்பியில்லாத் தந்தி கொடுத்தது. விமானி லெனார்ட் பிர்ச்சால் சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். மறுநாள் கொழும்பில் குண்டு விழுந்தபோது ஊர் தூங்கிக்கொண்டிருக்கவில்லை என்றால், அந்தச் செய்திதான் காரணம்.

அதே கொக்கலைக்கும் ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் இடையில் 1943 முதல் 1945 வரை குவாண்டாஸ் நிறுவனம் கேட்டலினாக்களை ஓட்டியது. 27 மணி நேரத்துக்கு மேல், சில சமயம் 32 மணி நேரம் கூட, இறங்காமல் பறந்தார்கள். ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயம். எரிபொருளை ஏற்றிய பிறகு மூன்று பயணிகளுக்குத்தான் இடம். அவ்வளவு எடையோடு அந்த உழும் மேட்டைத் தாண்டித் தண்ணீரை விட்டது என்றால், அதில் எஞ்சினுக்கு எவ்வளவு பங்கோ அதே அளவு பங்கு அந்த அடிப்பாகத்துக்கும் உண்டு.

இப்போது நம் காலத்துக்கு வருகிறேன். 2010 கடைசியில் அந்தமானில் ஜல் ஹன்ஸ் என்று ஒன்று தொடங்கினார்கள். நின்றுபோனது. 2013 ஜூனில், நமக்குப் பக்கத்துக் கொல்லத்தில் அஷ்டமுடி ஏரியில் கேரள அரசு தொடங்கியது. மீனவர்கள் எதிர்த்தார்கள், நின்றுபோனது. 2020 அக்டோபர் 31 அன்று குஜராத்தில் சபர்மதிக்கும் கெவாடியாவுக்கும் இடையே பிரதமரே தொடங்கிவைத்தார். மாலத்தீவிலிருந்து வந்த விமானம். பராமரிப்புக்கு மறுபடி மாலத்தீவுக்கே போக வேண்டியிருந்தது. 2021 ஏப்ரலோடு அதுவும் நின்றது. 2024 நவம்பரில் விஜயவாடாவிலிருந்து ஸ்ரீசைலத்துக்கும், கொச்சியிலிருந்து மாட்டுப்பெட்டிக்கும் வெள்ளோட்டம் விட்டார்கள். கனடாக்காரர்களின் ட்வின் ஓட்டர்.

ஏன் நிற்கிறது என்று கேட்டால் செலவு என்கிறார்கள், எதிர்ப்பு என்கிறார்கள், கொரோனா என்கிறார்கள். எல்லாம் உண்மைதான். நான் இன்னொன்றையும் சேர்க்கிறேன். இந்த விமானங்களில் எதற்கும் அடிப்பாகம் நாம் செதுக்கியதில்லை. வெளியூர்க்காரர் செருப்பை இரவல் வாங்கிப் போட்டு நடக்கிறோம். அறுந்தால் தைக்கவும் அவர் ஊருக்கே போக வேண்டியிருக்கிறது. ரிப்பன் வெட்டுவதற்கு இருக்கும் அவசரம், அடியைக் குனிந்து பார்ப்பதில் இல்லை.

அஷ்டமுடி மீனவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. வளர்ச்சிக்கு எதிரிகள் என்று அவர்களை எழுதினவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. விமானம் ஓடும் பாதையில் வலை போட முடியாது. அது எழுப்பும் அலை சின்ன வள்ளத்தை ஆட்டும். ஓர் அடிப்பாகம் எவ்வளவு அலை எழுப்புகிறது, எவ்வளவு தூரத்தில் எழும்புகிறது என்பதும் வடிவமைப்பின் கேள்விதான். அந்தக் கேள்வியைக் கேட்கவும் பதில் சொல்லவும் நம்மிடமே ஆள் இருந்தால், அந்த மீனவர்களோடு உட்கார்ந்து பேச முடியும். வெளியிலிருந்து வந்த விமானத்தைக் காட்டி "இதுதான், இப்படித்தான்" என்று மட்டும்தான் இப்போது சொல்ல முடிகிறது.

கருப்பாநதி அணையில் விமானம் இறங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு பக்கம் மலை, மாதத்துக்கு மாதம் மாறும் நீர்மட்டம். அது வயலுக்கான தண்ணீர், அப்படியே இருக்கட்டும். நான் கேட்பது வேறு. தண்ணீரில் ஒரு பொருள் எப்படி ஓடுகிறது என்ற பாடம் நம் பிள்ளைகளுக்கு வேண்டும். தூத்துக்குடியிலும் குமரியிலும் ஃபைபர் படகில் போகிற மீனவர் ஒவ்வொரு நாளும் இதே மேட்டைத்தான் ஏறுகிறார். அடி வடிவம் சரியில்லாத படகு உழுதுகொண்டே போகும், எண்ணெய் குடிக்கும். கடல் விமானத்துக்காகக் கற்கும் பாடம் அவர் செலவைத்தான் முதலில் குறைக்கும்.

அதற்கு வசதி இல்லையா என்றால், பெரியவர்களுக்கு இருக்கிறது. விசாகப்பட்டினத்தில் கடற்படைக்கான ஆய்வகத்தில் அரை கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நீர்த்தொட்டி இருக்கிறது. மாதிரிக் கப்பல்களை இழுத்துத் தடையை அளப்பார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் கடல் பொறியியலுக்கென்றே ஒரு துறை உண்டு. அங்கே அடைகாக்கப்பட்ட வாட்டர்ஃபிளை என்ற சிறு நிறுவனம், தண்ணீரை ஒட்டியே பறக்கும் ஊர்தி ஒன்றைத் திட்டமிட்டு 2025 பெங்களூரு விமானக் கண்காட்சிக்குக் கொண்டு வந்தது. நல்ல தொடக்கம். ஆனால் ஐ.ஐ.டி. வாசலுக்குப் போகுமுன்பே பிள்ளைகளின் கேள்வியை நாம் உட்காரவைத்துவிடுகிறோமே, அதற்கு என்ன வழி?

என் யோசனை இது. 1870களில் இங்கிலாந்தில் வில்லியம் ஃப்ரூட் தன் வீட்டுப் பக்கத்தில் ஒரு தொட்டி கட்டி, சின்ன மாதிரிப் படகுகளை இழுத்தே பெரிய கப்பலின் தடையைக் கணக்கிட்டார். அவர் கண்ட விதி எட்டாம் வகுப்புக்கும் புரியும். மாதிரி 16இல் ஒரு பங்கு நீளம் என்றால், உண்மையான வேகத்தில் 4இல் ஒரு பங்கு வேகத்தில் இழுத்தால் போதும். அலை ஒரே மாதிரி எழும்பும். 16க்கு வர்க்கமூலம் 4. கணக்குப் பாடமும் ஆயிற்று, அறிவியலும் ஆயிற்று.

நான் செய்து பார்த்தேன். போன கார்த்திகையில் குளம் பெருகிக் கிடந்தபோது, என் பழைய சைக்கிளைக் கரையில் கவிழ்த்து வைத்து, பின்சக்கர டயரைக் கழற்றிவிட்டு, அந்த ரிம்மில் தூண்டில் நரம்பைச் சுற்றினேன். பெடலைச் சுற்றினால் நரம்பு இழுக்கும். தச்சரிடம் கெஞ்சி வாங்கிய மரத்துண்டில் முழ நீளத்தில் இரண்டு படகு. ஒன்று வழவழ அடி. இன்னொன்றில் நடுவில் ஒரு விரல் உயரத்துக்குப் படி. செலவு நூறு ரூபாய்கூட ஆகவில்லை. தெருப்பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். கரையோரம்தான், பெரியவர்கள் இரண்டு பேர் கூடவே நின்றோம். நீங்களும் செய்தால் அதை மறக்காதீர்கள்.

மெதுவாக இழுத்தபோது வழவழப் படகுதான் சுகமாகப் போனது. "சார், படி தோத்துட்டு!" என்று கத்தினார்கள். வேகமாகச் சுற்றச் சொன்னேன். வழவழப் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலை அமுக்கித் தண்ணீரை வாரி இறைத்தது. படி வைத்தது கொஞ்சம் தடுமாறி, பிறகு தண்ணீர்மேல் ஏறி ஓடியது. இவ்வளவு சின்ன மாதிரியில் துல்லியக் கணக்கு வராது. ஆனால் எது உழுகிறது, எது சறுக்குகிறது என்று கண்ணுக்குத் தெரியும். எட்டாம் வகுப்புக்கு அது போதும்.

படத்தைக் கொண்டுவந்த அந்தப் பையனை இப்போது பையன் என்று சொல்லக் கூடாது. வளைகுடாவில் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து ஊரில் கடை வைத்திருக்கிறார். டீக்கடைக் காணொளியைப் பார்த்த அன்று சாயங்காலமே போய்ப் பார்த்தேன்.

"நீ அன்னைக்குக் கேட்டியே, விமானத்துக்கு அடியில ஏன் படின்னு. படம் சரியாத்தான் இருந்துது. நீ கேட்டதும் சரியான கேள்வி. எனக்குத்தான் தெரியல" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "சார், அதையா இன்னும் நெனச்சுக்கிட்டிருக்கீங்க? நான் மறந்தே போயிட்டேன்" என்று சிரித்தார். பிறகு டீ சொன்னார். டீ வரும்வரை ஒன்றும் பேசவில்லை. டம்ளரைக் கையில் கொடுக்கும்போது, "எதுக்கு சார் அந்தப் படி?" என்று கேட்டார்.

சொன்னேன். சன்ஷேடு, கரண்டி, ஓட்டாஞ்சில்லு எல்லாம் சொன்னேன். மறந்துபோனவர் அவ்வளவு குறுக்குக் கேள்வி கேட்க மாட்டார்.

இன்று காலை மகளைக் கூட்டிக்கொண்டு குளத்துக்கு வந்திருந்தார். எட்டாவது படிக்கிறாள். நாலு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, "தாத்தா, ஒரு படிக்குப் பதிலா ரெண்டு படி வச்சா என்ன ஆகும்?" என்றாள்.

ஃபீலிக்ஸ்டோவில் போர்ட் இரண்டு படி வைத்துப் பார்த்தவர்தான். அதைச் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "அடுத்த ஞாயிறு நீயே செதுக்கிக் கொண்டு வா, இழுத்துப் பாத்துருவோம்" என்றேன்.

பணியில் இருக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் ஒரு குளமோ, தோட்டத்துத் தொட்டியோ இருந்தால், ஒரு பழைய சைக்கிள் கிடைத்தால், இதைச் செய்து பாருங்கள். என்ன ஆனது என்று கீழே எழுதுங்கள். தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். நான் அதைச் சொல்ல முப்பத்தைந்து வருடம் ஆயிற்று.